புள்ளி போச்சு, போன் நம்பர் போச்சு... வெப் பக்கப் பெட்டியில் தமிழ் வெட்டுப்படுவது ஏன்?

மேல்சித்தாமூர்:

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம் பிடித்தது. மராட்டியர் வரலாற்றோடு தொடர்புள்ள 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்தார்கள். அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கிறது. மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி.

கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் மலையிலிருந்து இறங்கியதும் செய்கிற முதல் வேலை, போனை எடுத்து "பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது" என்று தேடுவதுதான். அப்படித் தேடினால் முதலில் வரவேண்டிய ஊர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோவில், பாறைச் சிற்பங்களோடு மல்லிநாதர் கோவில், மடத்து ஓலைச்சுவடிகள் என்று பார்ப்பதற்கு நிறைய உண்டு.

அதனால் இந்தப் பக்கம் இப்போது கோவிலுக்கு ஒரு வெப் பக்கம், லாட்ஜுக்கு ஒரு வெப் பக்கம், கல்யாண மண்டபம், விதைக்கடை, பால் பண்ணை என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் போட ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் கடையில் கம்ப்யூட்டரில் காட்டும்போது லட்சணமாக இருந்த பக்கம், வீட்டுக்கு வந்து போனில் திறந்தால் வேறு கோலத்தில் நிற்கிறது. 'பால் பண்ணை' என்று எழுதியிருந்தது மேலே புள்ளி வெட்டுப்பட்டு 'பால பணணை' என்று தெரிகிறது. கடைசி வரியில் இருந்த போன் நம்பரைக் காணோம். ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. காசு கொடுத்தவர் கடைக்காரரைத் திட்டுகிறார். கடைக்காரர் "உங்க போன் சரியில்லை" என்கிறார்.

போன் மேல் தப்பு இல்லை. தப்பு நடப்பது 'டெக்ஸ்ட் பாக்ஸ்' என்கிற பெட்டியில்.

பேஜ்மேக்கர் பழக்கம்

நம்ம ஊர் டி.டி.பி. கடைகளில் வேலை பார்க்கிற பெண்களும் பையன்களும் பெரும்பாலும் கற்றுக்கொண்டது பேஜ்மேக்கர். 1985-ல் வந்த மென்பொருள். 7-ம் பதிப்பு 2001-ல் வந்தது, அதற்கு மேல் புதுப் பதிப்பே கிடையாது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக் என்று இன்னமும் சில கடைகளில் அதுதான் ஓடுகிறது.

பேஜ்மேக்கரில் எழுத்தைப் பெட்டியில் ஊற்றினால், பெட்டியின் கீழ் விளிம்பில் ஒரு சின்ன கைப்பிடி தெரியும். எழுத்து முழுசாக அடங்கிவிட்டால் அது காலியாக இருக்கும். அடங்காமல் மிச்சம் இருந்தால் அதில் சிவப்பு முக்கோணம் வரும். வேலை தெரிந்தவர் கண் தானாக அந்தச் சிவப்புக்குப் போகும். பெட்டியைக் கீழே இழுத்து விடுவார், அல்லது எழுத்தைச் சின்னதாக்குவார். பிரிண்ட் எடுத்த பிறகு காகிதம் மாறாது. ஆயிரம் காப்பி அடித்தாலும் ஆயிரமும் ஒரே அளவு.

வெப் பக்கத்தில் இந்த இரண்டும் கிடையாது. மிச்சம் இருக்கிறது என்று சொல்லப் பார்க்கிறவர் திரையில் சிவப்பு முக்கோணம் வராது. காகிதமும் ஒரே அளவில் இல்லை. ஒருத்தர் கம்ப்யூட்டரில் பார்ப்பார், ஒருத்தர் சின்ன போனில் பார்ப்பார், கண் மங்கிய பெரியவர் எழுத்தைப் பெரிசாக்கி வைத்துப் பார்ப்பார். அத்தனை பேருக்கும் பெட்டி ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் பேஜ்மேக்கர் கையோடு வெப் பக்கம் செய்கிறபோதுதான் எல்லா வம்பும் ஆரம்பிக்கிறது. 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் நம்ம பையன்கள் வெப் டிசைன் என்று படித்தது பிரன்ட்பேஜ், டிரீம்வீவர் இரண்டும்தான். பிரன்ட்பேஜை மைக்ரோசாப்ட் 2006-ல் நிறுத்திவிட்டது. டிரீம்வீவரை 1997-ல் வெளியிட்ட மேக்ரோமீடியா கம்பெனியை 2005-ல் அடோபி வாங்கிக்கொண்டது. அந்த டிரீம்வீவரில் 'லேயர்' என்று ஒன்று உண்டு. பெட்டியை மவுசால் பிடித்து இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பேஜ்மேக்கர் மாதிரியே இருக்கிறதே என்று எல்லாருக்கும் அது பிடித்துப்போனது.

ஆனால் அப்படி வைத்த பெட்டி, வயலில் நட்ட எல்லைக்கல் மாதிரி. மேலே இருக்கிற பெட்டியில் நாலு வரி கூடினாலும் கீழே இருக்கிற கல் நகராது. மேல் பெட்டி எழுத்து வழிந்து கீழ் பெட்டி தலையில் விழும். வரி மேல் வரி ஏறுவது இதனால்தான். சாதாரணமாக ஒன்றன் கீழ் ஒன்றாக விட்ட பெட்டி அப்படி இல்லை. மேலே எழுத்து கூடினால் கீழே இருப்பதைத் தானே தள்ளிக்கொண்டு போகும், வாய்க்கால் தண்ணி மாதிரி.

வரப்புக்கு உள்ளேயா, வெளியேயா?

பெட்டி என்றால் என்ன? வெப் பக்கத்தில் தலைப்பு, பத்தி, படம், பட்டன் எல்லாமே ஒரு பெட்டிதான். கோடு போட்டால் கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பெட்டியை ஒரு வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கிற பயிர்தான் எழுத்து. பயிருக்கும் வரப்புக்கும் நடுவில் விடுகிற இடத்துக்கு 'பேடிங்' என்று பெயர். வரப்புதான் 'பார்டர்'. வரப்புக்கு வெளியே அடுத்த வயல் வரைக்கும் விடுகிற இடம் 'மார்ஜின்'.

இனி அளவுக் கணக்கு. வயல் அகலம் 300 என்று எழுதினால், அது வரப்பையும் சேர்த்தா, பயிர் மட்டுமா? பட்டா நிலத்தில் அண்ணன் தம்பிக்குள் இந்தக் கேள்வி வந்தால் அரிவாள் வரைக்கும் போகும். வெப் பக்கத்தில் சாதாரண விதி, பயிர் மட்டும்தான் கணக்கு என்பது. அகலம் 300, இரண்டு பக்கமும் பேடிங் 20, வரப்பு இரண்டு பக்கமும் 2 என்று வைத்தால் பெட்டி மொத்தம் 344 இடத்தை அடைக்கும். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 இதையே வேறு மாதிரி, வரப்பையும் சேர்த்து 300 என்று கணக்குப் போட்டது. அதனால் அந்தக் காலத்தில் ஒரே பக்கம் இரண்டு பிரவுசரில் இரண்டு விதமாகத் தெரிந்தது. இப்போது 'பார்டர் பாக்ஸ்' என்று ஒரு செட்டிங் வைத்தால் வரப்போடு சேர்த்து 300 என்று எல்லா இடத்திலும் ஒரே கணக்கு.

44-க்கு இவ்வளவு பேச்சா என்று கேட்காதீர்கள். பெரும்பாலான போன்களில் திரை அகலம் 360 முதல் 430 பிக்சல் கணக்குதான். 340 அகலப் பெட்டிக்கு 44 கூடினால் 384. 360 போனில் வலது பக்கம் 24 வெளியே போய்விடும். அந்த 24-ல்தான் போன் நம்பரின் கடைசி இரண்டு எண் இருக்கும்.

திருநாதர்குன்றில் 24 பெட்டி

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று தெரியாதவர் இருக்க முடியாது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் மேல் வரிசையில் 12, கீழ் வரிசையில் 12 என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் இங்கேதான். 'ஐ' என்ற தமிழ் எழுத்து முதன்முதலாக வருவது இந்தக் கல்வெட்டில்தான் என்று சொல்வார்கள்.

இந்தக் குன்றுக்கு ஒரு வெப் பக்கம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாறையில் இருக்கிற மாதிரியே வரிசைக்கு 12 பெட்டி, ஒவ்வொன்றிலும் படம், கீழே பெயர். கம்ப்யூட்டர் திரை 1,200 அகலம் இருந்தால் பெட்டிக்கு 100 கிடைக்கும். அம்சமாக இருக்கும். அதே பக்கத்தை 360 போனில் திறந்தால் பெட்டிக்கு 30. 'பார்சுவநாதர்' என்ற பெயர் 30 பிக்சலில் எப்படி அடங்கும்? இங்கிலீஷ் என்றால் எழுத்து எழுத்தாகச் சின்னதாக்கி ஒப்பேற்றலாம். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் அகலம் அதிகம், சொல்லும் நீளம். 'பார்சு' ஒரு வரி, 'வநா' ஒரு வரி, 'தர்' ஒரு வரி என்று உடையும். அல்லது பக்கத்துப் பெட்டிக்குள் புகுந்து மல்லிநாதர் பெயரோடு கலந்துவிடும்.

பாறை மாறாது, அதனால் சிற்பி 12 வைத்தார். திரை மாறும். அதனால் பெட்டிக்கு "இவ்வளவு அகலம்" என்று பூட்டாமல், "குறைந்தது இவ்வளவு வேண்டும், இடம் இல்லாவிட்டால் அடுத்த வரிசைக்குப் போ" என்று சொல்ல வேண்டும். குறைந்தது 150 என்று வைத்தால் போனில் வரிசைக்கு 2, மொத்தம் 12 வரிசை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம். பெயர் உடையாது.

உயரத்துக்கும் இதே கதைதான். மென்பொருளில் 'ஹைட்' என்கிற இடத்தில் 120 என்று அடித்தால் பெட்டி 120-லேயே நிற்கும். எழுத்து அதைத் தாண்டினால் என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி உண்டு. வழியவிடலாம், வெட்டிவிடலாம், உள்ளேயே உருட்டிப் பார்க்க வைக்கலாம். வழியவிட்டால் அசிங்கமாகத் தெரியும், ஆனால் விஷயமாவது தெரியும். வெட்டிவிட்டால் பக்கம் அழகாக இருக்கும், விஷயம் போய்விடும். மூன்றாவது ரொம்ப ஏமாற்று வேலை. கம்ப்யூட்டரில் ஓரத்தில் உருட்டுகிற பட்டை தெரியும். போனில் அது பெரும்பாலும் மறைந்தே இருக்கும், உள்ளே இன்னும் எழுத்து இருக்கிறது என்றே படிக்கிறவருக்குத் தெரியாது. மகாவீர் ஜெயந்தி அழைப்பில் 'காலை 6 மணிக்கு அபிஷேகம்' தெரியும், கீழே இருக்கிற 'பகல் 12 மணிக்கு அன்னதானம்' தெரியாது. வந்த ஜனம் 11 மணிக்கே பஸ் ஏறிவிடும்.

'ஹைட்' இடத்தைக் காலியாக விட்டு, 'மினிமம் ஹைட்' இடத்தில் 120 போட்டால் போதும். எழுத்து குறைவாக இருந்தாலும் 120 நிற்கும், கூடினால் பெட்டி தானாக வளரும்.

புள்ளி எங்கே போகிறது?

இனி அந்த 'பால பணணை' விஷயம். வரிக்கு வரி விடுகிற உயரத்துக்கு 'லைன் ஹைட்' என்று பெயர். வெளிநாட்டில் செய்த ரெடிமேட் பக்கங்களில் இது இங்கிலீஷுக்கு ஏற்ற மாதிரி இறுக்கமாக இருக்கும். இங்கிலீஷ் எழுத்துக்குத் தலைக்கு மேல் அவ்வளவாக ஒன்றும் கிடையாது. நமக்கு மேலே புள்ளி, 'கி', 'கீ' கொக்கி. கீழே 'கூ', 'மூ', 'ழு' சுழி. இறுக்கமான பட்டனில், வெட்டுகிற மாதிரி பூட்டிய பெட்டியில், முதலில் பலியாவது புள்ளிதான். இரண்டாவது பலி கீழ்ச் சுழி. எழுத்து அளவைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் வைக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் தமிழுக்கு 1.7 வைத்தால் கண்ணுக்கு இதம்.

புள்ளி இல்லாமல் தமிழ் எழுதிய காலமும் உண்டு. மடத்தில் இருக்கிற மாதிரி ஓலைச்சுவடிகளைப் பார்த்தால் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதற்காக வைக்காமல் விட்டார்கள். படிக்கிறவர் இடம் பார்த்து 'பால'வை 'பால்' என்று படித்துக்கொள்வார். கயிறு கோக்கிற ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு எழுதுவதும் உண்டு. ஒருவகையில் அதுவும் பேடிங்தான். ஆனால் ஓலை படித்தவர் பண்டிதர். போனைத் தள்ளிக்கொண்டே போகிறவர் அந்த அளவுக்கு நின்று யோசிக்க மாட்டார்.

இன்னொரு டி.டி.பி. பழக்கம், இரண்டு பக்கமும் ஓரம் நேராக இருக்கவேண்டும் என்று 'ஜஸ்டிபை' கொடுப்பது. பேப்பரில் பத்தி அப்படித்தான் வரும், நானே அதைப் பார்த்து வளர்ந்தவன். போனில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும். ஒரு சொல் 'விழுப்புரத்திலிருந்து' என்று நீளமாக வந்து அடுத்த வரிக்குப் போனால், மிச்சம் இரண்டு சொல்லுக்கு நடுவில் பஸ்ஸே போகலாம். இடது பக்கம் மட்டும் நேராக விட்டால் போதும்.

எம், கே, அரைப்புள்ளி...

பெட்டி சரியாக இருந்தும் உள்ளே போடுகிற எழுத்து தப்பாக இருந்தால்? இதுதான் நம்ம பக்கம் அதிகம் நடக்கிற கூத்து.

கடையில் பாமினி, வானவில் போன்ற பழைய பான்ட்டில் அடிப்பார்கள். அந்தப் பான்ட்டுகளில் கம்ப்யூட்டருக்குத் தெரிவது தமிழ் இல்லை, இங்கிலீஷ் எழுத்துதான். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதற்கு மேல் தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. அந்தப் பான்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும். இல்லாத போனில் வேஷம் கலைந்து 'எம் கே எச்' என்று நிற்கும்.

1990-களிலும் 2000-களின் முதல் பாதியிலும் தமிழ் வெப் பக்கங்கள் பலவும் இப்படித்தான் ஓடின. இந்தப் பக்கத்தைப் படிக்க இந்தப் பான்ட்டை இறக்குங்கள் என்று ஒவ்வொரு வெப் பக்கமும் தனித்தனியாகக் கேட்கும். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற எழுத்துத் தரங்களும் வந்தன. அதற்குள் உலகம் யூனிகோடு பக்கம் போய்விட்டது. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். விண்டோஸ் 2000-ல் 'லதா' பான்ட்டோடு அது நம்ம கம்ப்யூட்டருக்கு வந்தது. தமிழக அரசு 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அச்சு வேலை போன்றவற்றுக்காக டேஸ் 16 என்ற இன்னொன்றும் கூடவே அறிவிக்கப்பட்டது.

யூனிகோடில் 'அ' என்றால் உள்ளேயும் 'அ'தான். எந்தப் போனிலும் தெரியும், கூகுளில் தேடினால் கிடைக்கும். பார்வை இல்லாதவர்கள் பயன்படுத்துகிற என்.வி.டி.ஏ. மாதிரியான மென்பொருள் அதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும். பாமினி எழுத்தைக் கொடுத்தால் 'எம் கே' என்றுதான் வாசிக்கும்.

ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்ததை அதில் ஒட்டினால் கேள்விக்குறி வரிசை வரும். அதனால் கடையில் பழைய பான்ட்டிலேயே அடித்து, அதையே வெப் பக்கத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். நடுவில் மாற்றுகிற வேலையை விட்டுவிடுகிறார்கள். மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர், பொங்குதமிழ் என்று கருவிகள் உண்டு, காசு கிடையாது.

மாற்றினதும் அப்படியே ஒட்டக்கூடாது, ஒரு தடவை படிக்கவேண்டும். பாமினியில் கமா இருக்கிற சாவியில் 'இ' இருக்கிறது. நடுவில் இங்கிலீஷ் கமா இருந்தால் 'செஞ்சிஇ திண்டிவனம்' என்று மாறி வரும். எனக்கே ஒருமுறை இது நடந்தது. செய்தியின் கடைசியில் ஒரு இ-மெயில் முகவரி. மொத்தமாக மாற்றிவிட்டேன். 'ஜிமெயில்' என்று இங்கிலீஷில் இருந்தது 'ப'வில் ஆரம்பிக்கிற ஏதோ ஒரு தமிழ் குப்பையாகப் போய்விட்டது. இங்கிலீஷ் பகுதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தமிழை மட்டும் மாற்றவேண்டும் என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

வேர்டிலிருந்து ஒட்டும்போது இன்னொரு தொல்லை. கண்ணுக்குத் தெரியாமல் பான்ட் பெயர், அளவு, கலர் எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பெட்டிக்கு என்று நீங்கள் வைத்த அளவு அதன் முன்னால் செல்லாது. முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டால் அழுக்கு எல்லாம் போய்விடும். சேமிக்கும்போது 'யூ.டி.எப்.-8' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சமணர் கோவில் பக்கங்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூல்களில் கிரந்த எழுத்து கலந்து வரும். கிரந்தத்துக்கு யூனிகோடில் தனி இடம் கிடைத்தது 2014-ல்தான். அதற்கான பான்ட்டைப் பக்கத்தோடு சேர்த்துக் கொடுக்காவிட்டால், அந்த இடத்தில் எல்லாம் காலிக் கட்டம் கட்டமாகத் தெரியும். கடைக்காரர் வைரஸ் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

7 எழுத்து, 14 கணக்கு

டெக்ஸ்ட் பாக்ஸ் என்ற பெயரில் இன்னொரு பெட்டியும் உண்டு. இது எழுத்தைக் காட்டுகிற பெட்டி இல்லை, நாம் நிரப்புகிற பெட்டி. பெயர், ஊர், போன் நம்பர் என்று கேட்குமே அது. ரூம் புக்கிங், நன்கொடை ரசீது, விண்ணப்பம் எல்லாவற்றிலும் இது இருக்கும். இதில் 'அதிகபட்சம் இத்தனை எழுத்து' என்று ஒரு பூட்டு போடலாம். அந்தப் பூட்டு தமிழ் எழுத்தை நாம் எண்ணுகிற மாதிரி எண்ணாது.

மேல்சித்தாமூர். விரல் விட்டு எண்ணினால் மே, ல், சி, த், தா, மூ, ர் என்று 7 எழுத்து. கம்ப்யூட்டருக்கு 'மே' என்பது 'ம' ஒன்று, ஏகாரக் கொம்பு ஒன்று, ஆக 2. 'ல்' என்பது 'ல' ஒன்று, புள்ளி ஒன்று, அதுவும் 2. இப்படி ஏழும் இரண்டிரண்டு, மொத்தம் 14. பெட்டியில் 10 என்று பூட்டு போட்டிருந்தால் 'மேல்சித்தா' என்பதோடு நின்றுவிடும். 13 என்றால் 'மேல்சித்தாமூர' என்று கடைசிப் புள்ளி மட்டும் ஏறாது. சேமிக்கிற இடத்தில் பைட் கணக்கு வைத்திருந்தால் இன்னும் மோசம். யூ.டி.எப்.-8-ல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், 14-க்கு 42. ஏழு எழுத்து ஊர்ப் பெயருக்கு 42.

நம்ப முடியவில்லை என்றால் எஸ்.எம்.எஸ். ஞாபகம் வையுங்கள். இங்கிலீஷில் ஒரு எஸ்.எம்.எஸ்.சுக்கு 160 எழுத்து. தமிழில் அடித்தால் 70. அந்த எழுபதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. காசு கூட எடுத்தது அதனால்தான்.

ஆதாரில் ஒரு மாதிரி, பாங்க் புத்தகத்தில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் பாதிப் பெயர் என்று இருந்தால் அலைச்சல் யாருக்கு என்று நமக்குத் தெரியும். அதனால் பெயர், ஊர் கேட்கிற பெட்டி செய்கிறவர்கள் இங்கிலீஷுக்கு 30 என்று வைத்தால் தமிழுக்கு 100 வைக்கவேண்டும். இடத்துக்குக் காசு கேட்கிற காலம் இல்லை இது.

படமாக ஒட்டினால்?

இத்தனை வம்பு எதற்கு, பேஜ்மேக்கரில் செய்த நோட்டீசை அப்படியே படமாக மாற்றி ஒட்டிவிட்டால் எழுத்து உடையாதே என்று ஒரு சிலர் கேட்பார்கள். நிறைய பேர் செய்வதும் அதுதான். எழுத்து உடையாது என்பது நிஜம். ஆனால் படத்தில் இருக்கிற போன் நம்பரை விரலால் தொட்டால் கால் போகாது. பார்வை இல்லாதவருக்கு அது வெறும் படம். கூகுளில் 'மேல்சித்தாமூர் தங்கும் விடுதி' என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் சிக்குவது கஷ்டம். தேதி மாறினால் மறுபடி கடைக்குப் போய் மறுபடி காசு. ஏ4 காகித நோட்டீஸ் 360 போனில் சுருங்கினால் தினத்தந்தியின் சிறு விளம்பரத்தை விடச் சின்னதாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்ப படம் சரி. வெப் பக்கத்துக்குச் சரிவராது.

டி.டி.பி. தெரிந்த பிள்ளைகளுக்கு இதில் பிழைப்பு விஷயமும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையையே போனில் அனுப்பிவிடுகிற காலத்தில் பேஜ்மேக்கரை மட்டும் நம்பி உட்கார முடியாது. தமிழ் தட்டச்சு வேகம், பிழை பார்க்கிற கண் இரண்டும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வேர்ட்பிரஸ் போன்றவை இலவசம். புதிதாகக் கற்க வேண்டியது பெட்டியின் கணக்கும் யூனிகோடும்தான். மறக்க வேண்டியது உயரத்தைப் பூட்டுகிற பழக்கம்.

வெப் பக்கத்துக்குக் காசு கொடுக்கிறவர்கள், மிச்சப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே உங்கள் போனில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்து மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். நீலமாகி 'காப்பி' என்று கேட்டால் அது எழுத்து. கேட்காமல் 'படத்தைச் சேமிக்கவா' என்று கேட்டால் படம். காப்பி எடுத்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் யூனிகோடு. 'எம் கே எச்' என்று விழுந்தால் பாமினியோ அதன் சொந்தக்காரனோ உள்ளே இருக்கிறான், மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து போன் செட்டிங்கில் போய் எழுத்து அளவை நடுவில் இருந்து கடைசி வரைக்கும் பெரிசாக்கிவிட்டு அதே பக்கத்தைத் திறங்கள். வீட்டில் பெரியவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். போனைப் படுக்க வைத்தும் ஒருமுறை, நிமிர்த்தியும் ஒருமுறை. கீழே கடைசி வரி வரைக்கும் தள்ளிப் போய், போன் நம்பர் பத்து எண்ணும் இருக்கிறதா, ஊர்ப் பெயரில் கடைசி 'ர்' மேல் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸை எடுங்கள்.